திருப்பி அனுப்பப்பட்ட பெயர்கள்: நூற்றாண்டுப் பதிவுப் படிவம் எங்களுக்குக் கற்றுத்தந்தவை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பதிவுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த விழாவுக்கு வருவோரைப் பதிவுசெய்யும் வேலையைச் சங்கம் எங்கள் ஐவரிடம் ஒப்படைத்தது. எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. ஒருவர் பிரதேச செயலகமொன்றில் எழுதுவினைஞர். ஒருவர் இங்கேயே தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிப்பவர். ஒருவர் கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்பவர். ஐந்தாமவர் பண்டாரவளையில் குடும்பத்தைக் கவனிப்பவர். படிவத்தில் அச்சிட்ட தொலைபேசி இலக்கம் அவருடையது. ஆகவே ஏச்சு முழுவதையும் முதலில் வாங்கியவரும் அவரே.

எத்தனை பேர் பதிந்தார்கள் என்று இந்த மேடையில் சொல்லும்படி கேட்டார்கள். அந்தக் கணக்கு ஆண்டறிக்கையில் இருக்கிறது. நாங்கள் இன்று பேச விரும்புவது பதிய வந்து, படிவம் ஏற்க மறுத்ததால் திரும்பிப்போனவர்களைப் பற்றி. அந்தத் தவறு எங்களுடையது. அதை எப்படிக் கண்டுபிடித்தோம், எப்படித் திருத்தினோம் என்பதைச் சொன்னால், நாளை இப்படிப்பட்ட படிவங்களை எழுதப்போகும் எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

முன்னைய ஒன்றுகூடல்களுக்குத் தபாலட்டை போட்டோம். பதில் எழுதியவர் எழுதினார். மற்றவர் நேரே வந்து நின்றார். யாரையும் வாசலில் தடுத்ததில்லை. இம்முறை இணையப் படிவம் வைத்தோம். பெயர், படித்த ஆண்டுகள், பிறந்த திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி ஆகிய ஐந்து விவரங்கள்தான் கேட்டோம். ஒரே முதலெழுத்தோடு ஒரே பெயர் உள்ள நான்கைந்து பேர் ஒரே வகுப்பில் இருந்த பாடசாலை இது. ஆளை ஆள் மாற்றிப் பதியாதிருக்க அடையாள அட்டை இலக்கம் உதவும் என்று நினைத்தோம்.

இப்படிப்பட்ட படிவத்தில் சரிபார்ப்பு இரண்டு இடங்களில் நடக்கிறது. அதைக் கொழுந்து நிறுவையைக் கொண்டு விளக்குகிறோம். நம்மில் பலருடைய அம்மாமார் அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவர்கள். மலையில் ஒரு நிறுவை நடக்கிறது. பிறகு, நம் வீடுகளில் ஸ்டோரு என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் இன்னொரு நிறுவை நடக்கிறது. படிவத்தில் மலைத் தராசு என்பது உங்கள் கைத்தொலைபேசியில் உள்ள மேலோடி. கூகுள் குரோம், பயர்பொக்ஸ் போன்றவை அந்த வகை. ஓர் இலக்கம் குறைந்தாலும், ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் அது உடனே சிவப்புக் கோடு காட்டும். ஸ்டோருத் தராசு என்பது தூரத்தில் எங்கோ இருக்கும் சேவையகம். படிவத்தை அனுப்பிய பிறகு அது எல்லாவற்றையும் மறுபடி பார்க்கும். இதே ஆள் முன்னரே பதிந்திருக்கிறாரா என்று தரவுத்தளத்திலும் தேடும். ஏற்பதா மறுப்பதா என்ற முடிவு அதனுடையது.

இரண்டாவது நிறுவை எதற்கு என்று மாணவியர் கேட்கலாம். மேலோடியில் நடக்கும் சரிபார்ப்பைப் பயனாளர் விரும்பினால் நீக்கிவிடலாம். கணினியில் எஃப் 12 விசையை அழுத்தி, அந்த விதியை அழித்துவிட்டு, எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். மேலோடியே இல்லாமல் வேறொரு நிகழ்நிரல் மூலமும் அனுப்பலாம். அதனால் சேவையகச் சரிபார்ப்பைக் கைவிடக்கூடாது. எங்கள் கதையைக் கேட்டுவிட்டு அதுதான் குற்றவாளி என்று முடிவுசெய்துவிடாதீர்கள்.

ஆனால் தராசுக்கு முன்னால் நின்ற அம்மாமாருக்கு இன்னொன்றும் தெரியும். ஈரத்துக்கு என்றும் சாக்குக்கு என்றும் சொல்லிக் கிலோவை வெட்டும்போது, எதற்காக எவ்வளவு வெட்டினார்கள் என்று விளக்கமாகச் சொல்லாவிட்டால் மனம் என்ன பாடுபடும் என்று. எங்கள் படிவமும் அதைத்தான் செய்தது.

படிவத்தைத் திறந்துவைத்த இரண்டாம் நாளே பண்டாரவளைத் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கியது. எல்லோரும் சொன்னது ஒரே முறைப்பாடு. நிரப்பும்போது எல்லாம் பச்சையாக இருக்கிறது. அனுப்பினால் சற்று நேரம் சக்கரம் சுற்றுகிறது. பிறகு மேலே ஒரு வரி வருகிறது: “விவரம் செல்லாது. மீண்டும் முயற்சிக்கவும்.” எந்த விவரம், ஏன் செல்லாது என்று எதுவும் இல்லை. போதாததற்கு, நிரப்பிய கட்டங்கள் அத்தனையும் வெறுமையாகிவிடுகின்றன. கண்ணாடி போட்டுக்கொண்டு, பேரப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தட்டியது எல்லாம் போய்விடும்.

முதலில் நாங்களும் சோதிக்காமலேயே பதில் சொன்னோம். “அக்கா, இலக்கத்தைச் சரியாகப் பார்த்துப் போடுங்கள்” என்றோம். இதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் அடையாள அட்டையை மூன்று முறை வாசித்துக் காட்டிய மூத்த மாணவி ஒருவரிடம், அவர் வாசித்தது பிழை என்று அவருடைய அரைவயதுக்காரிகளான நாங்கள் சொன்னோம்.

ஒரே நாளில் ஏழு பேர் அதே முறைப்பாட்டோடு வந்தபோதுதான், இத்தனை பேருக்கும் கண் தெரியாமல் போயிருக்காது என்று எங்களுக்கு உறைத்தது. கணித ஆசிரியை ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து நிரல்கள் கீறினார். அழைத்தவர் எங்கிருந்து முயன்றார், என்ன நேரம், எந்தத் தொலைபேசி, பெயரைத் தமிழில் எழுதினாரா ஆங்கிலத்திலா, பிறந்த திகதி என்ன, திரையில் என்ன வந்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் அழைப்பையும் அதில் பதிந்தோம்.

கொழும்புத் தங்கை சேவையகத்தின் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஏற்றுக்கொண்ட பதிவுகளை மட்டும் எழுதிவைக்கும்படி அமைத்திருந்தோம். மறுத்தவற்றை எழுதிவைக்கச் சொல்லவில்லை. முதல் ஒன்பது நாட்களில் மறுக்கப்பட்டவர்களில் தொலைபேசி எடுத்தவர்களை மட்டுமே எங்களுக்குத் தெரியும். எடுக்காமல் விட்டவர்கள் யார், எத்தனை பேர் என்று இன்றுவரை தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. எங்கள் பிழைகளில் இதுவே பெரியது.

பிறகு அவர் எங்களுக்கு மூன்று கேள்விகளைச் சொல்லித்தந்தார். மாணவியர் இதைக் குறித்துக்கொள்ளலாம். அனுப்பியது சேவையகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தது என்றால் பதில் திரும்பி வந்ததா? பதில் வந்தது என்றால் எந்த விதியின் பெயரால் மறுத்தது? இந்த மூன்றையும் பிரிக்காமல் “படிவம் வேலை செய்யவில்லை” என்று பேசிக்கொண்டிருந்தால் ஒரு வருடம் போனாலும் பிழை அகப்படாது.

பிரிப்பதற்குக் கருவி மேலோடியிலேயே இருக்கிறது. எஃப் 12ஐ அழுத்தினால் திறக்கும் பகுதியில் நெட்வர்க் என்ற பக்கம் உண்டு. அனுப்பியதும் திரும்பி வந்ததும் அங்கே வரிவரியாகத் தெரியும். ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண்ணும் தெரியும். 200 என்றால் எல்லாம் சரி. 422 என்றால் அனுப்பிய விவரத்தில் ஏதோ ஒரு விதி மீறப்பட்டிருக்கிறது. 500 என்றால் சேவையகமே தடுமாறிவிட்டது. எங்கள் படிவமோ மறுக்கும்போதும் 200 என்றே பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. வாயால் இல்லை என்று சொல்லிக்கொண்டு தலையை ஆமென்று ஆட்டுவதைப் போல. அதை முதலில் திருத்தினார். மறுப்புக்கான காரணத்தையும் பதிவேட்டில் எழுதச் செய்தார். அதன் பிறகு கொப்பியில் இருந்த முறைப்பாடுகள் குவியல் குவியலாகப் பிரிந்தன.

முதல் குவியல், பதில் திரும்பிப் போய்ச் சேராதவை. ஊவா பரணகமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்கா முயன்றார். அவருடைய லயத்தில் சமிக்ஞை கிடைப்பதில்லை. கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் இரண்டு கோடு வரும். அங்கே நின்று அனுப்பினார். சக்கரம் சுற்றியது, பதில் வரவில்லை. மறுபடி அழுத்தினார். “இவ்விவரம் ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது” என்று வந்தது. வேறு யாரோ தன் பெயரில் பதிந்துவிட்டார்கள் என்று அவர் கலங்கிப்போனார். நடந்தது என்ன? முதல் தடவை அனுப்பியதே சேவையகத்தை அடைந்து பதிவாகிவிட்டது. “சரி” என்ற பதில்தான் மேட்டில் நின்ற தொலைபேசிக்கு வந்து சேரவில்லை. இரண்டாம் தடவை அவரையே அவருக்குப் போட்டியாளராகக் கண்டு சேவையகம் மறுத்தது. இதற்கு மருந்து எளியது. படிவத்தைத் திறக்கும்போதே அதற்கு ஒரு தனி இலக்கம் கொடுத்துவிட வேண்டும். அதே இலக்கத்தோடு இரண்டு முறை வந்தால் ஒரே ஆள் மறுபடி அழுத்துகிறார் என்று விளங்கிக்கொண்டு, முதலில் கொடுத்த பற்றுச்சீட்டையே மறுபடி கொடுக்க வேண்டும்.

இரண்டாம் குவியல், பெயரைத் தமிழில் எழுதியவர்களுடையது. ஆங்கிலத்தில் எழுதியவர்களின் பெயர் போனது. தமிழில் எழுதிய சிலருடையது போகவில்லை. அதிலும் குட்டைப் பெயர்கள் போயின, நீண்டவை நின்றன. பெயருக்கு 60 எழுத்து என்று எல்லை வைத்திருந்தோம். அறுபது எழுத்தில் பெயர் வைத்தவர் யாரும் நம் இடாப்பில் இல்லை. ஆனால் சேவையகத்தில் நீளத்தை அளந்த கட்டளை எழுத்தை எண்ணவில்லை, பைட்டை எண்ணியது. யுனிகோட் முறையில் சேமிக்கும்போது ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழுக்குக் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் வேண்டும். “மு” என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு அது மகரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடு, 6 பைட். எடுத்துக்காட்டாக முத்துலெட்சுமி என்ற பெயர் நமக்கு 7 எழுத்து. அது 14 குறியீடு, 42 பைட். தகப்பன் பெயர் இராமசாமி என்று சேர்த்தால் இடைவெளியோடு 67 பைட். எல்லை தாண்டிவிட்டது. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 22 பைட்டில் முடிந்துவிடும். மேலோடி குறியீட்டை எண்ணிச் “சரி” என்றது. சேவையகம் பைட்டை எண்ணிச் “செல்லாது” என்றது. இரண்டு தராசுக்கும் படிக்கல் வேறு. தமிழ்ப் பாடசாலையின் நூற்றாண்டுப் படிவத்தில் தமிழ்ப் பெயர் அதிகம் என்று மறுக்கப்பட்டதை நாங்கள் வெட்கத்தோடு சொல்கிறோம்.

மூன்றாம் குவியல்தான் எங்களை மிகவும் அலைக்கழித்தது. இலக்கம் சரி, திகதி சரி, பெயரும் குட்டை. ஆனாலும் மறுப்பு. சேவையகம் எழுதிவைத்த காரணம்: “பிறந்த திகதி அடையாள அட்டையோடு பொருந்தவில்லை.”

நமது அடையாள அட்டை இலக்கத்துக்குள் பிறந்த நாள் இருக்கிறது. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டுவார்கள். ஜனவரி 1இல் பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டையில் 12 இலக்கங்கள். ஆண்டு நான்கு இலக்கமாகிவிட்டது, நாள் கணக்கு அப்படியே இருக்கிறது. எழுதிய திகதியும் இந்த நாள் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று எங்கள் சேவையகம் பார்த்தது. தட்டெழுத்துப் பிழையைப் பிடிக்க நல்ல யோசனை என்று அப்போது மகிழ்ந்தோம்.

கணித ஆசிரியை கொப்பியில் இருந்த பிறந்த திகதிகளைத் தனித்தாளில் மாதவாரியாக எழுதினார். மறுக்கப்பட்டவர்களில் ஜனவரியில் பிறந்தவர் ஒருவரும் இல்லை. பெப்ரவரியிலும் ஒருவரும் இல்லை. மார்ச் முதல் டிசம்பர் வரை எல்லா மாதத்திலும் இருந்தார்கள். பிறகு ஆண்டுவாரியாக எழுதினார். 1980இல் ஒருவரும் இல்லை, 1984இல் இல்லை, 1988இலும் இல்லை. அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “இது லீப் வருடக் கணக்கு” என்றார்.

அடையாள அட்டையின் நாள் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள்தான். லீப் வருடமா இல்லையா என்று பார்ப்பதில்லை. ஆகவே மார்ச் 1 எந்த ஆண்டானாலும் 31ஐயும் 29ஐயும் 1ஐயும் கூட்டி 61ஆவது நாள். 1985 மார்ச் 1இல் பிறந்த பெண்ணின் அட்டை 85561 என்று தொடங்கும். எங்கள் நிகழ்நிரலோ நாட்காட்டியைப் பார்த்தது. 1985இல் பெப்ரவரிக்கு 28 நாள். ஆகவே அதன் கணக்கில் 61ஆவது நாள் மார்ச் 2. அந்தப் பெண் மார்ச் 1 என்று எழுதினால் “பொய்” என்றது. 1984 லீப் வருடம். அந்த ஆண்டுக்காரருக்கு இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. 1985 டிசம்பர் 31இல் பிறந்தவரை எங்கள் படிவம் 1986 ஜனவரி 1இல் பிறந்தவராக ஆக்கியிருந்தது.

படிவத்தைத் திறப்பதற்கு முன் நாங்கள் சோதிக்கவில்லையா என்றால், சோதித்தோம். இரண்டே அட்டைகளை வைத்து. ஒன்று ஜனவரியில் பிறந்தவருடையது, மற்றது 1984இல் பிறந்தவருடையது. இரண்டும் பச்சை விளக்குக் காட்டின. அதைக் கண்டு திருப்திப்பட்டுத் தேநீர் குடித்தோம்.

இந்தக் கணக்கைத் திருத்திய பிறகும் சிலர் மிஞ்சினார்கள். அவர்களிடம் பாடசாலை இடாப்பில் ஒரு திகதியும் பிறப்புப் பதிவில் இன்னொரு திகதியும் இருந்தன. தோட்டத்தில் பிறந்த நம்மவர் வீடுகளில் இது புதிதல்ல. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில், பெரிய மழை பெய்த வருடம் என்று அம்மா சொன்னதைக் கேட்டு எழுதிய திகதிகளும் அந்தப் பழைய இடாப்பில் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் கணினி “பொருந்தவில்லை” என்று சொல்வது சரிதான். ஆனால் பொருந்தாதவற்றை வெளியே தள்ளக்கூடாது. ஒரு மனிதரின் பார்வைக்கு அனுப்பிவைக்க வேண்டும். அப்படியே செய்தோம்.

கடைசியாக ஓர் அழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எந்தக் குவியலிலும் சேரவில்லை. மிக மூத்த அக்கா ஒருவர் பேசினார். அவருடைய பழைய அட்டை எக்ஸ் என்ற எழுத்தில் முடிகிறது. நம்மில் பெரும்பாலானோரின் பழைய அட்டை வீ என்ற எழுத்தில் முடியும். வாக்களிக்கத் தகுதி உள்ளவருக்கு வீ, அந்தத் தகுதி இல்லாதவருக்கு எக்ஸ் என்று விளக்குவார்கள். எங்கள் விதியில் வீ மட்டும்தான் இருந்தது. எக்ஸ் என்ற ஒன்று இருப்பதை நினைத்தும் பார்க்கவில்லை. மேலோடியும் சேவையகமும் ஒன்றுபோல அவரை மறுத்தன.

அவர் கோபப்படவில்லை. “ஏன் புள்ள, நம்ம பள்ளிக்கூடத்துலயும் என் கார்டு செல்லாதா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இளைய மாணவியருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், யார் எந்த நாட்டுக்கு என்று ஆட்களைப் பிரித்தது. அதன் பிறகும் மிஞ்சியவர்கள் பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் அந்தக் கதை ஒரு முடிவுக்கு வந்தது. நம் அம்மம்மா, அப்பாயிமார் எத்தனை கந்தோர்களின் வாசலில் “இந்தப் பத்திரம் செல்லாது” என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள்! அதே சொல்லை எங்கள் படிவம் அந்த அக்காவுக்குச் சிவப்பு எழுத்தில் காட்டியது. விதியை எழுதியவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. தன் அட்டையைப் பார்த்து விதி எழுதினார். தன்னைப் போன்றவர்கள் மட்டுமே உலகத்தில் இருப்பதாக நினைத்துவிட்டார். அவ்வளவுதான். அந்த அக்காவின் வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் நேரே போய் மன்னிப்புக் கேட்டு, கையால் பதிந்து வந்தோம். தேநீர் தந்து, அட்டையைப் பையிலிருந்து எடுத்து எங்களிடம் காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்பில்லாமல் வைத்திருந்தார்.

அன்று வீடு திரும்பும் வழியில்தான், தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டோம். அடையாள அட்டை இலக்கம் எங்களுக்கு உண்மையில் தேவைதானா? வங்கிக் கணக்குத் திறக்கிறோமா? கடவுச்சீட்டு வழங்குகிறோமா? ஒரு நாள் ஒன்றாக இருந்து சோறு சாப்பிடுவதற்கு நம் பிள்ளைகளை வரச்சொல்கிறோம். பாடசாலையை விட்ட ஆண்டும், அப்போதிருந்த பெயரும், வகுப்பாசிரியர் யார் என்ற நினைவும் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேற்பட்ட விவரத்தைச் சேர்க்கக்கூடாது என்றே சொல்கிறது. அந்தக் கட்டத்தை அன்றிரவே எடுத்துவிட்டோம். சேர்த்துவைத்திருந்த இலக்கங்களையும் அழித்துவிட்டோம். மூன்றாம் குவியலும், அந்த அக்காவின் துயரமும் அதோடு தீர்ந்தன. பத்து நாள் பாடுபட்டுத் திருத்திய விதி ஒன்று, முதலிலேயே எழுதியிருக்க வேண்டாத விதி.

மற்றவற்றையும் திருத்தினோம். எந்தக் கட்டத்தில் பிழையோ அதன் பக்கத்திலேயே, தமிழில், என்ன செய்ய வேண்டும் என்று எழுதினோம். மறுக்கப்பட்டாலும் நிரப்பியது அழியாதபடி செய்தோம். மேலோடிக்கும் சேவையகத்துக்கும் ஒரே விதிப்பட்டியலைக் கொடுத்தோம். தொலைபேசி இலக்கம் சுழியத்தில் தொடங்கும் பத்து இலக்கம் என்ற விதியைத் தளர்த்தினோம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரிகள் அதில் முட்டிக்கொண்டிருந்தார்கள். “செல்லாது” என்ற சொல்லைப் படிவத்திலிருந்து முழுவதுமாக எடுத்தோம். அதன் இடத்தில், “இதை எங்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லை, இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்” என்று போட்டோம்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் இரண்டு பக்கத்திலும் நிற்கப்போகிறவர்கள். பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் படிவம் நிரப்புவீர்கள். அப்போது ஒரு படிவம் உங்களை மறுத்தால், உடனே உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். திரையைப் படம் பிடித்து வையுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி மறுபடி அழுத்தாமல், பதிவாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். கடைசி நாள்வரை வைத்திருக்காதீர்கள்; பிழை உங்களுடையதா படிவத்தினுடையதா என்று பார்க்கவும் நாள் வேண்டும்.

உங்களில் சிலர் படிவம் எழுதுவீர்கள். அப்போது உங்கள் அட்டையை மட்டும் வைத்துச் சோதிக்காதீர்கள். டிசம்பரில் பிறந்தவரின் அட்டை, பழைய அட்டை, புதிய அட்டை, எக்ஸ் எழுத்து அட்டை எல்லாவற்றையும் வைத்துச் சோதியுங்கள். உங்கள் அம்மம்மாவின் முழுப் பெயரைத் தமிழில் எழுதி அனுப்பிப் பாருங்கள். கோயில் மேட்டில் இரண்டு கோடு சமிக்ஞையில் அனுப்பிப் பாருங்கள். யாரை மறுத்தீர்கள், ஏன் மறுத்தீர்கள் என்பதற்கு முதல் நாளிலிருந்தே கணக்கு வையுங்கள்.

இந்த மண்டபத்தில் இன்று சில கதிரைகள் வெறுமையாக இருக்கின்றன. வர முடியாதவர்கள் இருப்பார்கள். மழைக்குப் பயந்தவர்கள் இருப்பார்கள். அந்த முதல் ஒன்பது நாட்களில் ஒரு தடவை முயன்று, நம் பெயர் அங்கே இல்லைபோலும் என்று தொலைபேசியை மூடிவைத்தவர்களும் இருக்கக்கூடும். அவர்களுடைய பெயர் எங்களிடம் இல்லை. உங்களிடம் இருக்கலாம். உங்கள் வகுப்பில் யார் வரவில்லை என்று இன்று சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒரு தரம் எண்ணிப்பாருங்கள். மண்டப வாசலில் அந்தச் சீ.ஆர். கொப்பி இருக்கிறது. அவர்களுடைய பெயரை, நீங்கள் அழைத்த விதமாகவே, அதில் எழுதிவிட்டுப் போங்கள். ஒவ்வொருவரையும் நாங்கள் தேடிப் போவோம்.